மூன்று மணிக்கு வீடு பாருங்கள்

மேற்கு மாம்பலத்தில் மொட்டை மாடிக்கு நேர் கீழே குடியிருக்கிறாள் என் சிநேகிதி. சித்திரை பிறந்துவிட்டால் இரவு பத்து மணிக்கும் அவள் வீட்டுக் கூரை அடுப்பு மாதிரி கொதிக்கும். மின்விசிறி அந்த அனலையே வாரி இறைக்கும். சென்ற வைகாசியில் ஒரு நாள் வந்து கேட்டாள்:

"தாம்பரத்துக்கு அப்பால் புது அடுக்குமாடி கட்டியிருக்கிறார்கள். மின்சாரச் சிக்கன வீடாம். கரண்ட் பில் பாதியாகிவிடுமாம். போகலாமா, வேண்டாமா?"

உங்களில் பலர் வீட்டிலும் இதே பேச்சு நடக்கலாம். ஆகையால் அவளுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில் கணக்கு. அப்படிப்பட்ட வீட்டுக்குப் பத்து லட்சம் அதிகம் கேட்கிறார்கள், மாதம் 1,500 ரூபாய் பில்லில் மிச்சமாகிறது என்று வைத்துக்கொள்வோம். வருஷத்துக்கு 18,000. போட்ட பணம் திரும்ப 55 வருஷம் ஆகும், வட்டியைச் சேர்க்காமலே! பில்லைக் குறைப்பதுதான் நோக்கமென்றால் இருக்கிற வீட்டிலேயே குறைக்கலாம். பழைய மின்விசிறி சுமார் 75 வாட் இழுக்கும், பி.எல்.டி.சி. விசிறிக்கு 30 வாட் போதும். நாலு விசிறிகள் 12 மணி நேரம் சுழன்றால் தினம் 2 யூனிட் மிச்சம்.

அப்படியானால் புது வீடே வேண்டாமா? அவசரப்படாதீர்கள். சிநேகிதியின் மாமியாருக்கு வயது 78. கோடை இரவுகளில் ஈரத்துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, உட்கார்ந்தபடியே விடிய வைக்கிறார். அவருடைய தூக்கத்துக்கு எந்தக் கணக்கில் விலை போடுவது? வீடு மாற அதுவே நியாயமான காரணம்.

ஆனால் வீட்டைக் குளிர வைப்பது விளம்பரமல்ல. ஜன்னலும் சுவரும் கூரையும்தான். போகும்போது ஓர் இஞ்சு டேப் கொண்டு போங்கள். மத்திய மின்துறை அமைச்சகம் 2018-ல் வெளியிட்ட 'ஈகோ நிவாஸ் சம்ஹிதா' என்ற விதிமுறையில், சென்னை போன்ற புழுக்கமான ஊர்களுக்கு ஓர் அளவு இருக்கிறது. ஜன்னல்களிலும் பால்கனிக் கதவுகளிலும் திறக்கக்கூடிய பரப்பு, வீட்டின் உள்பரப்பில் ஆறில் ஒரு பங்காவது வேண்டும். 600 சதுர அடிக்கு 100 சதுர அடி. தள்ளு ஜன்னல் பாதிதான் திறக்கும். ஆகவே பாதியைத்தான் கணக்கில் சேர்க்க வேண்டும்.

அடுத்தது மேற்குச் சுவர். அதன் மேல் வெயில் நேரே விழுகிறதா? ஜன்னலுக்கு மேலே நிழல் தரும் சன்ஷேடு உண்டா? கடைசி மாடியென்றால் கூரைமேல் என்ன போட்டிருக்கிறார்கள் என்று கேளுங்கள். நம் பாட்டிமார் காலத்து மெட்ராஸ் டெரஸ் கூரையில் செங்கல்லும் சுண்ணாம்பும் கனமாகப் போட்டு, மேலே தட்டோடு பதித்தார்கள். வெறும் கான்கிரீட் அப்படித் தாங்காது.

மாடியில் சூரியத் தகடுகளைக் காட்டினால், "இந்த மின்சாரம் எங்கள் மீட்டருக்கா, லிப்டுக்கும் மோட்டாருக்குமா?" என்று கேட்க வெட்கப்படாதீர்கள். 'பசுமை வீடு' என்று சான்றிதழ் நீட்டினால், அது வரைபடத்தைப் பார்த்துக் கொடுத்ததா, கட்டி முடித்தபின் கொடுத்ததா என்று பாருங்கள். இரண்டும் ஒன்றல்ல.

சிநேகிதி வீட்டார் முதலில் ஒரு ஞாயிறு காலை ஒன்பது மணிக்குப் போய்ப் பார்த்திருந்தார்கள். எல்லாம் ஜிலுஜிலுவென்றுதான் இருந்ததாம். என் பேச்சைக் கேட்டு, மாமியாரையும் அழைத்துக்கொண்டு பிற்பகல் மூன்று மணிக்கு மறுபடியும் போனார்கள். அந்த அம்மாள் படுக்கையறைச் சுவரில் உள்ளங்கையை வைத்தார், உடனே எடுத்துவிட்டார்.

"இங்கே படுத்தால் நான் அப்பளம்தான்!"

அதே கட்டடத்தின் எதிர் வரிசையில் மேற்கு வெயிலை மாடிப்படியும் லிப்டும் வாங்கிக்கொள்கின்றன. அங்கே சுவர் சுடவில்லை. ஜன்னல் அளவும் சரியாக இருந்தது. அந்த வரிசையில் ஒரு வீட்டுக்கு இப்போது பேரம் நடக்கிறது.

கிரகப்பிரவேசத்துக்கு நல்ல நாள் பஞ்சாங்கத்தில் இருக்கிறது. வீடு பார்க்க நல்ல வேளை பிற்பகல் மூன்று மணி. செவ்வாய்க்கிழமை மட்டும் அது ராகு காலம். வேறு கிழமை போங்கள். பகலெல்லாம் அந்த வீட்டில் இருக்கப் போகிறவர் யாரோ, அவரை அவசியம் அழைத்துப் போங்கள்.