ஆயா பார்க்க ஒரு சுற்று



போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெங்களூர் ஜோகுபாளையத்தில் ஒரு வீட்டு வாசல்படியில் உட்கார்ந்து, ஸ்டாண்டு போட்டு நின்ற மோட்டார் சைக்கிளை ஒரு மணி நேரம் வேடிக்கை பார்த்தேன். வண்டிக்காரன் கல்லூரி முடித்த பையன், எனக்குத் தெரிந்த வீடு. அவனுடைய ஆயாவுக்கு முழங்கால் போய் இரண்டு வருஷமாகிறது. வாசலைத் தாண்டுவதில்லை. "ஆட்டோவுல கூட்டிட்டுப் போறேன்னா வரமாட்டேங்குது அண்ணா. கோயிலையும் ஏரியையும் கண்ணால பாத்தா போதும்னு சொல்லுது" என்றான். அதனால் வண்டியில் கேமரா மாட்டி அல்சூரை ஒரு சுற்று சுற்றி வந்து டிவியில் போட்டுக் காட்டுவது என்று திட்டம்.

முதல் சுற்றுக்குக் கேமரா எதுவும் வாங்கவில்லை. டெலிவரி பையன்கள் மேப் பார்க்க ஹேண்டில்பாரில் மாட்டியிருப்பார்களே, அந்த ஹோல்டரில் தன் போனைச் செருகிக்கொண்டு போனான். திரும்பி வந்து போட்டால் சோமேஸ்வரர் கோயில் கோபுரம் தட்டில் வைத்த ஜெல்லி மாதிரி ஆடுகிறது. ஆயா, "பூகம்பமாடா?" என்று கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அவனுடையது ஒற்றை சிலிண்டர் வண்டி. இன்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றினால் விநாடிக்கு 50 சுற்று. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு உதறல். அந்த உதறல் நேராக ஹேண்டில்பாருக்கு ஏறுகிறது. போன் கேமராவோ முழுப் படத்தையும் ஒரே சமயத்தில் எடுப்பதில்லை. மேலிருந்து கீழாக வரி வரியாகப் படித்துக்கொண்டு வருகிறது. மேல் வரியைப் படித்து முடித்துக் கீழ் வரிக்கு வருவதற்குள் போனே நகர்ந்துவிடுகிறது. கோபுரம் நெளிந்தது அதனால்தான். நல்லவேளை, கோபுரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனது போனுக்கு. அதே ஹோல்டரில் இன்னும் நாலைந்து முறை ஓட்டிப் பார்த்ததில், நின்ற இடத்தில்கூடப் படம் தெளியவில்லை.

இது அவன் ஒருவன் கதையல்ல. ஆப்பிள் நிறுவனமே 2021 செப்டம்பரில் எச்சரித்த விஷயம்: பெரிய இன்ஜின் மோட்டார் சைக்கிளில் ஐபோனை நேரடியாக மாட்டாதீர்கள், ஸ்கூட்டரில் மாட்டினாலும் அதிர்வைத் தாங்கும் ரப்பர் வைத்த ஹோல்டரில் மாட்டுங்கள். போனுக்குள் லென்ஸ் ஆணி அடித்தாற்போல் நிற்பதில்லை. நம் கை நடுக்கத்தைச் சரிக்கட்ட, காந்த விசையில் நூலளவு நகர்ந்துகொண்டே இருக்கிறது. கை நடுக்கத்துக்குச் செய்ததை இன்ஜின் நடுக்கத்துக்குக் கொடுத்தால் எத்தனை நாள் தாங்கும்? நாளெல்லாம் ஹேண்டில்பாரில் போன் மாட்டிப் பிழைப்பு நடத்தும் தம்பிகளை நினைத்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. பழைய போன் ஒன்றை வண்டிக்கென்றே ஒதுக்கிவிடுங்கள் தம்பிகளா, வேறு வழி தெரியவில்லை.

இரண்டாவது சுற்றுக்கு நண்பனிடம் ஆக்‌ஷன் கேமரா இரவல் வாங்கி வந்தான். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. இந்த வகைக்குப் பெயர் வாங்கித் தந்த கோப்ரோ, கடலில் அலைச்சறுக்கு விளையாடும்போது படமெடுக்க ஆசைப்பட்ட நிக் உட்மன் என்ற அமெரிக்கர் தொடங்கியது. 2004-இல் வந்த அதன் முதல் கேமரா ஃபிலிம் போட்டு எடுப்பது, மணிக்கட்டில் வார் வைத்துக் கட்டிக்கொள்வது. உடம்பில் கட்டப் பிறந்த சாமானை நம் பையன்கள் ஹெல்மெட் உச்சியில் கொம்பு மாதிரி ஒட்டிக்கொண்டு திரிகிறார்கள். இவனும் அதற்குத்தான் பசைத்துண்டை எடுத்தான். அங்கேதான் நான் வாசல்படியை விட்டு எழுந்தேன்.

ஹெல்மெட்டின் மேல்புறம் வழவழவென்று இருப்பது அழகுக்காக இல்லை. கீழே விழுந்தால் தலை தரையில் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். ஏதாவது துருத்திக்கொண்டிருந்தால் அது தரையில் மாட்டி, கழுத்தைத் திருகிவிடும். 2021 ஜூன் முதல் ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத ஹெல்மெட்டை இந்தியாவில் விற்கவே கூடாது. அப்படிப் பரிசோதித்து முத்திரை குத்தி வந்ததன் மேல் நாமாக ஒரு கட்டியை ஒட்டினால் பரிசோதனைக்கு என்ன அர்த்தம்? கேரளத்தில் 2022-இலேயே மோட்டார் வாகனத் துறை ஹெல்மெட் கேமரா கூடாது என்று சொல்லிவிட்டது. திருகாணிக்காக ஹெல்மெட்டில் ஓட்டை போடுகிறவர்களைப் பற்றிப் பேச எனக்குப் பொறுமையில்லை.

கேமரா மாட்டினால் சாகசம் காட்டவும் தோன்றும். நம் ஊருக்கும் சென்னைக்கும் நடுவே, காஞ்சிபுரம் பக்கத்து நெடுஞ்சாலையில் 2023 செப்டம்பரில் சாகசம் செய்யப் போய் விழுந்தார் ஒரு யூடியூபர். பத்து வருஷத்துக்கு அவருடைய லைசென்ஸ் ரத்தானது. பையனிடம் அதைச் சொன்னேன். "ஆயாவுக்கு வீலிங் எல்லாம் வேணாம் அண்ணா" என்று சிரித்தான்.

கடைசியில் மார்பில் வார் போட்டு மாட்டினோம். இன்ஜின் உதறலை இடுப்பும் முதுகும் வாங்கிக்கொள்கின்றன. உடம்பைவிட நல்ல ஷாக் அப்சார்பர் எந்தக் கடையிலும் கிடைக்காது. குனிந்து ஓட்டினால் பெட்ரோல் டேங்க்தான் படமாகும் என்பதால் லென்ஸைச் சற்று மேல்நோக்கித் திருப்பி வைக்க வேண்டும், அவ்வளவுதான். கழன்றாலும் ரோட்டில் விழாமல் இருக்க ஒரு கயிறு. பட்டனைக் கிளம்பும் முன் அமுக்கியாகிவிட வேண்டும், ஓடும்போது கையைக் கொண்டுபோகக் கூடாது என்றும் சத்தியம் வாங்கினேன்.

சாயங்காலம் ஆயா டிவி முன்னால் உட்கார்ந்தார். ஜோகுபாளையத்துச் சந்துகள், பழைய மெட்ராஸ் ரோடு, தலைக்கு மேல் 2011-இலிருந்து ஓடுகிற மெட்ரோ, கோயில் கோபுரம், அண்ணாசாமி முதலியார் ரோட்டில் தமிழ்ச் சங்கம், ஏரி. பதினெட்டு வருஷம் மூடியே கிடந்து 2009 ஆகஸ்டில் கண் திறந்த திருவள்ளுவர் சிலை வந்ததும் ஆயா கும்பிட்டார். வளைவு வரும்போதெல்லாம் டிவியைப் பார்த்து "மெதுவா போடா" என்றார். பக்கத்தில்தான் அவன் உட்கார்ந்திருந்தான்.

திடீரென்று "நிறுத்து, நிறுத்து" என்றார். பின்னால் ஓட்டிக் காட்டினான். கோயில் பக்கத்தில் ஒரு பூக்கடை. குனிந்து பூக்கட்டிக்கொண்டிருக்கும் வயதான பெண்மணி நிமிர்வதற்குள் வண்டி கடந்துவிட்டது. மூன்று முறை போட்டுப் பார்த்தும் முகம் தெரியவில்லை.

"அவதான்னு நினைக்கிறேன்" என்றார் ஆயா. "நாளைக்கு வண்டிய விட்டு எறங்கி, அவகிட்ட நின்னு எடுத்துட்டு வா. எம் பேரச் சொல்லு."