பெற்றோரைப் பார்க்க ரஜா

வயது முதிர்ந்த பெற்றோரைக் கவனித்துக்கொள்ள மத்திய சர்க்கார் ஊழியருக்குத் தனி ரஜா உண்டா என்று 2025 ஜூலையில் ராஜ்ய சபையில் ஒரு கேள்வி எழுந்தது. வருஷத்துக்கு 30 நாள் ஈட்டிய ரஜா, 20 நாள் அரைச் சம்பள ரஜா, 8 நாள் தற்செயல் ரஜா, 2 நாள் விருப்ப விடுமுறை ஆகியவை இருக்கின்றன. பெற்றோர் பராமரிப்பு உட்பட எந்தச் சொந்தக் காரியத்துக்கும் அவற்றை எடுத்துக்கொள்ளலாம் என்று மந்திரி ஜிதேந்திர சிங் விடையளித்தார். இதன் பொருள் என்ன? கல்யாணத்துக்கும் காய்ச்சலுக்கும் வைத்திருக்கும் நாட்களிலிருந்தே தாயாருக்கும் கொடுத்துக்கொள் என்பதுதான்.

இதே சர்க்கார், குழந்தைகளைக் கவனிப்பதற்கென்று பெண் ஊழியருக்கு உத்தியோக காலத்தில் 730 நாள் ரஜா தரும் ஏற்பாட்டை 2008-ம் வருஷத்திலேயே செய்தது. அதை நாம் மனமார வரவேற்கிறோம். ஆனால் குழந்தைக்கு வேண்டியது பணம் மட்டுமல்ல, நேரமும்தான் என்று கண்டுகொண்டவர்களுக்குக் கிழவர்கள் விஷயத்தில் மட்டும் அது ஏன் புலப்படவில்லை?

2007-ம் வருஷத்துப் பெற்றோர் பராமரிப்புச் சட்டத்தைப் பாருங்கள். பராமரிப்பு என்பதற்கு உணவு, உடை, உறைவிடம், வைத்தியம் என்று அது வியாக்கியானம் கூறுகிறது. மாதம் 10,000 ரூபாய்க்கு மேற்படாமல் பிள்ளைகளிடமிருந்து வாங்கித் தரவும் வழி செய்கிறது. கைவிடப்பட்டவர்களுக்கு அது பெரிய துணை என்பதில் ஐயமில்லை. ஆனால் மாதாமாதம் தவறாமல் பணம் அனுப்பிவிட்டு, வருஷத்தில் ஒருமுறை தீபாவளிக்கு மட்டும் ஊருக்கு வரும் மகனைப்பற்றி அச்சட்டம் எதுவும் சொல்லவில்லை. சொல்லவும் இயலாது.

அந்த மகனை ஏசுவது எளிது. மேடைகளில் அது தாராளமாக நடைபெறுகிறது. நன்றிகெட்ட பிள்ளைகள் இல்லையென்று நாம் சாதிக்க வரவில்லை. ஆனால் ஓசூரில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருப்பவன் திருநெல்வேலி ஜில்லாக் கிராமத்திலுள்ள தாயாரைப் பார்த்துவர வேண்டுமானால், போக ஓர் இரவு, வர ஓர் இரவு; நடுவில் இழப்பது ஒருநாட் கூலி. அவனுடைய நேரம் அவன் கையில் இல்லை, முதலாளியின் கையில் இருக்கிறது. இல்லாததைக் கொடுக்கவில்லையென்று ஒருவனைக் குற்றஞ்சாட்டுவது என்ன நியாயம்? ஊரோடு தங்கிவிட்ட மகளோ மருமகளோ எல்லாருடைய பங்கையும் சேர்த்துச் சுமக்கிறாள். அவளுக்கு ரஜாவும் கிடையாது, சம்பளமும் கிடையாது.

அஸ்ஸாம் சர்க்கார் 2024 நவம்பரில் தன் ஊழியருக்கு, பெற்றோருடனோ மாமனார் மாமியாருடனோ கழிப்பதற்கென்று இரண்டு நாள் விசேஷ ரஜா அளித்தது. நோக்கம் நல்லது. ஆனால் தேதியைச் சர்க்கார் குறித்தது. தகப்பனாருக்கு மூச்சுத் திணறல் வருவது காலண்டரைப் பார்த்து வருவதில்லை! சீனாவில் 2013 ஜூலையில் அமலுக்கு வந்த சட்டம், பிரிந்து வாழும் பிள்ளைகள் பெற்றோரை அடிக்கடி சென்று பார்க்கவேண்டும் என்று விதித்தது. உலகம் அதைப்பற்றி வியந்து பேசியது. வேலை கொடுப்போர் அதற்கு ரஜா தரவேண்டும் என்று அதே ஷரத்து சொல்லுவதைக் கவனித்தவர் குறைவு. ஜப்பானோ, பராமரிப்பு வேண்டியுள்ள உறவினர் ஒருவருக்கு 93 நாள்வரை, மூன்று தவணையாக, ரஜா தருகிறது. தகுதியுள்ள தொழிலாளிக்கு அந்நாட்களில் ஊதியத்தில் நூற்றுக்கு 67 பங்கை இன்ஷூரன்ஸ் நிதி கொடுக்கிறது. நமக்கு உகந்த மாதிரி இதுவே.

பிள்ளை வர முடியாவிட்டால் பெற்றோராவது போய்ப் பார்க்கலாம் என்பீர்கள். 60 வயதான ஆடவருக்கு 40 சதவிகிதம், 58 வயதான பெண்டிருக்கு 50 சதவிகிதம் என்று ரயிலில் இருந்துவந்த கட்டணச் சலுகையை 2020 மார்ச்சில் கொள்ளைநோயைச் சொல்லி நிறுத்தினார்கள். நோய் போய்விட்டது, 2025-லும் சலுகை திரும்பவில்லை.

2011-ம் வருஷத்து ஜனக்கணக்கின்படியே தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப்பேருக்கு மேல் அறுபது கடந்தவர்கள். ஆகவே தொழிற்சங்கங்கள் போனஸுக்கும் பஞ்சப்படிக்கும் எழுதும் மகஜரில் இதையும் சேர்க்கவேண்டும்: பெற்றோர் பராமரிப்புக்கென்று சம்பளத்துடன் தனி ரஜா, தேதி தொழிலாளியின் இஷ்டம், ஒப்பந்தக்காரனுக்கும் அதில் பாத்தியதை. பார்லிமெண்டில் நம் பிரதிநிதிகள் அடுத்த முறை கேள்வி கேட்பதோடு நில்லாமல், மசோதாவுடன் எழுந்திருக்கட்டும்.