சும்மா இருப்பதும் வைத்தியம்தான்!

போன வருஷம் ஒரு காலையில் அப்பத்தா, "கண்ணு முன்னாடி கருப்பா ஒண்ணு நிக்குதுடா, தொடச்சாலும் போகல" என்றார். வலி இல்லை, சிவப்பும் இல்லை. கண் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். விழித்திரையில் ஒரு தமனி பலூன் மாதிரி உப்பி, அதிலிருந்து ரத்தம் கசிந்திருக்கிறதாம்.

டாக்டர் சொன்னது இவ்வளவுதான்: "இப்ப ஒண்ணும் செய்ய வேணாம். பிரஷர் மாத்திரையை விடாம போடுங்க, ஒரு மாசம் கழிச்சு வாங்க." வீட்டில் ஒரே கலவரம். "லேசர்கூட வைக்கல, இதெல்லாம் ஒரு ஆஸ்பத்திரியா?" என்று சித்தப்பா குதித்தார். நானும் கூடச் சேர்ந்து குதித்தேன். பிறகு தேடிப் படித்தபோதுதான் கோபம் தப்பான ஆள் மேல் போனது புரிந்தது.

1973-ல் ராபர்ட்சன் என்ற மருத்துவர் இதற்கு 'மேக்ரோ அனூரிசம்' என்று பெயர் வைத்தார். சர்க்கரை நோயில் நுண்குழாய்களில் வரும் சின்னப் புடைப்புகள் வேறு, இது வேறு. பெரும்பாலும் அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கு, அதிலும் பெண்களுக்கு, ஒரு கண்ணில் மட்டும் வரும். இவர்களில் பெரும்பாலானோருக்கு ரத்தக் கொதிப்பு இருக்கும்.

ஏன் காத்திருக்கச் சொல்கிறார்கள்? நிறைய வீக்கங்கள் உள்ளேயே ரத்தம் உறைந்து தானாக மூடிக்கொள்ளும். கசிந்த ரத்தமும் சில மாதங்களில் கரையலாம். அவசரப்பட்டு லேசர் வைத்தால் அந்தத் தமனியே அடைபட்டு, அதை நம்பியிருக்கும் விழித்திரைப் பகுதி பட்டினி கிடக்கும் அபாயம் உண்டு.

அதற்காக எல்லோரும் காத்திருக்கக் கூடாது. பார்வையின் மையமான மாக்குலாவில் நீர் கோத்தால் லேசரோ கண்ணுக்குள் போடும் ஊசியோ தேவைப்படும். மாக்குலாவுக்கு அடியில் ரத்தம் கெட்டியாகத் தேங்கினால் நாள் கடத்துவதே ஆபத்து. கண்ணுக்குள் இருக்கும் கூழில் கலந்த ரத்தம் கரையாவிட்டால் ஆபரேஷன் செய்ய வேண்டிவரும். எது எந்த ரகம் என்று பரிசோதித்த டாக்டர்தான் சொல்ல முடியும். அதனால் "ஒரு மாசம் கழிச்சு வாங்க" என்பதில் "வாங்க" ரொம்ப முக்கியம்.

இனி உண்மையைச் சொல்கிறேன். அதற்கு இரண்டு மாதம் முன்பே அப்பத்தா பிரஷர் மாத்திரையை நிறுத்தியிருந்தார். "தலை சுத்தல, எதுக்கு மாத்திரை?" என்பது அவர் கணக்கு. வீட்டில் ஒருவரும் கவனிக்கவில்லை, நான் உட்பட. கொதிப்பை விட்டுவிட்டுக் கண்ணுக்கு மட்டும் வைத்தியம் பார்ப்பது, அசலைத் தொடாமல் வட்டி மட்டும் கட்டுவது மாதிரி. கடன் அப்படியே நிற்கும்.

நான்கு மாதத்தில் ரத்தம் கரைந்தது. இப்போது பேப்பரில் தலைப்புச் செய்தி படிக்கிறார். பொடி எழுத்து தெரிவதில்லை. அதை நான்தான் வாசித்துக் காட்டுகிறேன்.

உங்கள் வீட்டுப் பெரியவர்களின் மாத்திரை அட்டையை இன்றைக்கு ஒரு தடவை எடுத்து எண்ணிப் பாருங்களேன்?