கண்ணாடிச் சுவருக்குள் முதலில் அடைக்கப்பட்டவர் யார்?

ஜார்ஜ் ஆர்வெல்லின் ‘1984’ நாவலில் தொலைத்திரை எல்லார் வீட்டிலும் இருப்பதில்லை. மக்கள்தொகையில் 85 விழுக்காடு என்று சொல்லப்படும் அடித்தட்டு உழைப்பாளர்களில் பெரும்பாலோர் வீட்டில் அக்கருவி கிடையாது. அரசுக்கு அவர்கள் ஒரு பொருட்டல்லர். இரவும் பகலும் கண்காணிக்கப்படுபவர், கட்சியின் இடைநிலை ஊழியரான வின்ஸ்டன் ஸ்மித். யெவ்கேனி சம்யாத்தின் 1920-21இல் எழுதிய ‘நாங்கள்’ நாவலிலும் கண்ணாடி வீட்டில், பெயருக்குப் பதில் எண்ணைச் சுமந்து வாழும் நாயகன் ஒரு பொறியாளன். இருவருமே நாட்குறிப்பு எழுதுகிறார்கள். படித்த மனிதன் தன் தனிமையை இழப்பதே இந்நாவல்கள் காட்டும் பேரச்சம். சோவியத் அரசு ‘நாங்கள்’ நூலை 1988 வரை அச்சேற விடவில்லை என்பதிலிருந்தே அந்த அச்சம் பொய்யானதன்று என்பது விளங்கும்.

ஆயினும் சேரியிலிருந்தும் நாடோடிக் குடியிருப்புகளிலிருந்தும் இந்நூல்களை வாசிக்கும் நமக்கு ஒரு கேள்வி எழுகிறது. இழப்பதற்குத் தனிமையே வழங்கப்படாதவர்களின் கதை எங்கே?

1871ஆம் ஆண்டின் குற்றப் பழங்குடியினர் சட்டம் எந்த நாவலாசிரியரின் கற்பனையும் அன்று. குற்றம் செய்தாரா என்று பாராமல், பிறந்த சமூகத்தை வைத்தே மனிதர்களைப் பதிவேட்டில் ஏற்றியது அது. கைரேகை, ஊர் விட்டு ஊர் செல்ல அனுமதிச் சீட்டு, காவலரிடம் இரவு வருகைப் பதிவு என அதன் பிடி நீண்டது. அவ்வாறு முத்திரை குத்தப்பட்ட சமூகங்களுள் பல இன்று பட்டியல் சாதிகளாகவும் பழங்குடிகளாகவும் உள்ளன. ஆர்வெல் 1922 முதல் 1927 வரை பர்மாவில் காவல் அதிகாரியாக இருந்தவர். பர்மா அன்று பிரிட்டிஷ் இந்தியாவின் பகுதி. அந்தப் பணி அவருடைய புனைவில் எவ்வளவு படிந்தது என்பதை இலக்கிய ஆய்வாளர்களுக்கே விட்டுவிடலாம். நம் கவலை வேறு. 1952இல் அச்சட்டம் நீக்கப்பட்டபோது, ‘வழக்கமான குற்றவாளிகள்’ சட்டங்கள் அதன் இடத்தில் அமர்ந்தன. சிறை விதிகளில் நிலவிய சாதிப் பாகுபாட்டை 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் செல்லாததாக்கியபோதும், இந்தப் பழைய முத்திரையைத்தான் எதிர்கொள்ள வேண்டியிருந்தது.

கருவிகள் மட்டும் புதியவை. சண்டிகரில் தூய்மைப் பணியாளர்களின் மணிக்கட்டில் இருப்பிடம் காட்டும் கடிகாரம் கட்டப்பட்டது. மின்கலம் தீர்ந்தால் ஊதியம் பிடிக்கப்படுமோ என்று அஞ்சியபடியே அவர்கள் குப்பை அள்ளினர். பெரும்பாலோர் தலித்துகள்.  ஆர்வெல் கவனத்துக்கு வெளியே நிறுத்திய அடித்தட்டுதான் இங்கே கண்காணிப்பின் முதல் படி.

2017இல் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்றது. ஐந்தே ஆண்டுகளில், 2022இல், குற்றவியல் நடைமுறை (அடையாளம் காணல்) சட்டம் வந்தது. கைதானவரின் கைரேகை, கருவிழிப் பதிவு உள்ளிட்டவற்றை எடுத்து 75 ஆண்டுகள் வரை வைத்திருக்க அது வழிசெய்கிறது. முன்பு தண்டனை பெறாத ஒருவர் விடுதலையானால் அப்பதிவை அழிக்க வேண்டும் என்ற விலக்கும் அதில் உண்டு. நீதிமன்றம் வேறுவிதமாக ஆணையிடாத வரைதான். பொய் வழக்கில் சிக்கி மீளும் பத்தொன்பது வயது இளைஞருக்கு இந்த விலக்கு இருப்பதை யார் சொல்வார்? பிணைக்கே அலைந்து களைத்த குடும்பம், பதிவு அழிந்ததா என்று கேட்க எந்த அலுவலகப் படியேறும்? வழக்குரைஞர்களாகிய நாமும் விடுதலைத் தீர்ப்பின் நகலை வாங்கியதோடு கோப்பை மூடிவிடுகிறோம்.