உடம்பு நமது, அறிவு மட்டும் டொக்டருக்கா?

“அதெல்லாம் டொக்டருக்குத் தெரியும், நமக்கெதுக்கு?” பாலையூற்றிலும் சரி, திருகோணமலையின் வேறெந்த ஊரிலும் சரி, உடம்பைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் இந்த வசனத்தோடு முடிந்துவிடுகிறது. அடக்கம் போலத் தோன்றும் இந்த நம்பிக்கை உயிரைக் குடிக்கக்கூடியது. நோயாளியை எப்போது வைத்தியசாலைக்குக் கொண்டுபோவது என்ற முதல் முடிவை டொக்டர் எடுப்பதில்லை. வீட்டில் இருக்கும் தாயும் தகப்பனும் அம்மம்மாவும்தான் எடுக்கிறார்கள். அதற்கு வேண்டிய அறிவு வீட்டில் உண்டா? மூன்று கேள்விகள் போதும், சோதித்துப் பார்க்க.

முதலாவது, நோய் பற்றியது. டெங்கு வந்த பிள்ளைக்கு நான்காம் நாள் காய்ச்சல் இறங்கிவிட்டது. சுகமாகிவிட்டதா?

“ஓம்” என்று சொல்லும் வீடுகளே அதிகம். உண்மை நேர்மாறானது. டெங்கின் ஆபத்தான கட்டம் பெரும்பாலும் மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில், காய்ச்சல் இறங்கும் வேளையில்தான் தொடங்குகிறது. நுண்ணிய இரத்தக் குழாய்களின் சுவர் வழியே இரத்தத்தின் நீர்ப்பகுதி வெளியே கசிகிறது, நாடி தளர்கிறது. இந்த 24 முதல் 48 மணித்தியாலங்களில் கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, முரசில் இரத்தக் கசிவு, சலம் குறைதல், சோர்ந்து கிடத்தல் இவற்றில் எது தென்பட்டாலும் ஒரு நிமிடமும் தாமதிக்கக்கூடாது. “உடம்பு குளிர்ந்துவிட்டது, இனிப் பயமில்லை” என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்து ஆறுதலடையும் நேரமே மிகவும் பயப்பட வேண்டிய நேரம். 2017இல் இலங்கையில் 186,000க்கும் அதிகமானோர் டெங்கு நோயாளராகப் பதிவாகினர். 400க்கும் மேற்பட்டோர் இறந்தனர். இதே மாவட்டத்தின் கிண்ணியா அந்த ஆண்டு கடுமையாக அடிபட்டது.

இரண்டாவது, உடலமைப்பு. நடு இரவில் தகப்பன் மேல்வயிற்றைப் பிடித்துக்கொண்டு வியர்த்துக் கொட்டுகிறார். காஸா?

சோடா வாங்கிவர ஓர் ஆள் ஓடுகிறார். இன்னொருவர் இஞ்சி இடிக்கிறார். இதயமோ நெஞ்செலும்புக்குப் பின்னால், பிரிமென்றகட்டின் மேல் அமர்ந்திருக்கிறது. தகட்டுக்குக் கீழே இரைப்பை. அதனால் மாரடைப்பின் வலி சிலருக்கு மேல்வயிற்று வலியாகவே தெரியும். தாடைக்கும் இடது கைக்கும் முதுகுக்கும் அது பரவலாம். நீரிழிவுக்காரருக்கு வலியே இல்லாமல் மூச்சுத்திணறல் மட்டும் வரலாம். சோடாவில் போகும் ஒவ்வொரு நிமிடமும் இதயத்தசை செத்துக்கொண்டிருக்கிறது. 1990ஐ அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். சாதாரண தரப் பரீட்சையில் இதயத்தின் நாலறைகளையும் கீறிப் புள்ளி வாங்கிய பிள்ளை அந்த வீட்டிலேயே இருக்கலாம். ஆனால் இந்த வலியை அடையாளம் காண அந்தப் பிள்ளைக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை.

மூன்றாவது, சிகிச்சை. பாம்பு கடித்தால் கடிவாய்க்கு மேலே இறுக்கிக் கட்டலாமா? கூடாது. இரத்த ஓட்டம் நின்று காலே அழுகலாம். கீறுவதும் உறிஞ்சுவதும் தீங்கு. கடிபட்ட உறுப்பை அசைக்காமல் வைத்து, உடனே வைத்தியசாலைக்குப் போவதே முதலுதவி. விஷமுறிவு மருந்து அங்கேதான் இருக்கிறது.

“அரைகுறை அறிவு ஆபத்து, தெரிந்தால் ஆளாளுக்கு மருந்து போடத் தொடங்குவார்கள்” என்பது “டொக்டருக்குத் தெரியும்” என்ற நம்பிக்கையின் ஓர் அரண். நடப்பது என்ன? காய்ச்சல் என்றதும் பாமசியில் வலிக்குளிசை வாங்கிப் போடுகிறவர், டெங்கில் ஐபுபுரூபனும் டைக்ளோபினாக்கும் அஸ்பிரினும் இரத்தக் கசிவைக் கூட்டும் என்று அறியாதவர். தடிமனுக்கு முந்திய முறை மிஞ்சிய அன்டிபயோட்டிக்கை விழுங்குகிறவர், அது வைரசைக் கொல்லாது என்று அறியாதவர். சுயவைத்தியம் அறியாமையில்தான் வளர்கிறது. அறிந்தவர் அளவோடு பரசிற்றமோல் கொடுப்பார். மூன்றாம் நாளில் இரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப்போவார்.

மருத்துவம் ஆங்கிலத்தில் இருப்பதால் எட்டாது என்பதும் நொண்டிச் சாட்டு. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசனரி வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் தமிழிலேயே வைத்தியம் படிப்பித்தார். உடற்கூற்றியலுக்கும் சத்திரசிகிச்சைக்கும் பிரசவ வைத்தியத்துக்கும் தமிழில் நூல்கள் வெளியிட்டார். ஒன்றரை நூற்றாண்டுக்கு முன் டொக்டர்களையே தமிழில் உருவாக்க முடிந்தது. இன்று ஒரு தாய்க்குப் பத்து அபாயக் குறிகளைத் தமிழில் சொல்லிக்கொடுக்க எது தடை?

பாலையூற்றின் விளையாட்டுக் கழகங்களும், கோயில், தேவாலய நிர்வாகங்களும் ஆண்டுதோறும் எத்தனையோ போட்டிகள் வைக்கின்றன. வரும் ஆண்டில் ஒரு மருத்துவ அறிவுப் போட்டி வையுங்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகரை அழைத்து, பிள்ளைகளையும் அம்மம்மாக்களையும் ஒன்றாக இருத்தி, இந்த மூன்று கேள்விகளிலிருந்தே தொடங்குங்கள்.