இயற்கை என்றால் எல்லாம் நல்லதா?

"களி தின்ன காலத்துல கேன்சர் ஏது? எல்லாம் இந்த பிராய்லர் கோழியாலயும் உரம் போட்ட காய்கறியாலயும் வந்ததுதான்!"

சாமல்பட்டி, ஊத்தங்கரை பக்கம் டீக்கடைகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. பேசி முடித்த கையோடு பாக்கையும் புகையிலையையும் வாயில் அடக்கிக்கொள்பவர்களும் உண்டு. வேடிக்கை அங்கேதான் இருக்கிறது.

கிருஷ்ணகிரி மாவட்டத்துக் கேழ்வரகை யாரும் குறை சொல்ல முடியாது. தவிடு நீக்காத தானியம், கீரை, காய், பழம் என்று நார்ச்சத்துள்ள உணவைச் சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் வரும் வாய்ப்பு குறையும். 30 முதல் 50 சதவீதப் புற்றுநோய்களைத் தடுக்க முடியும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. உணவுக்கும் அதில் பங்கு உண்டு.

ஆனால் அந்தக் காலத்தில் கேன்சரே இல்லை என்பது உண்மையா? டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை புற்றுநோயால் இறந்தது 1923-ல். பிராய்லர் கோழி வராத காலம் அது! அந்தத் துயரம்தான் 1954-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையாக வளர்ந்தது. அன்று சராசரி ஆயுளும் குறைவு, பரிசோதனை வசதியும் இல்லை. என்ன நோய் என்று தெரியாமலே பலர் போய்ச் சேர்ந்தார்கள்.

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். புகையிலை ஓர் இலை. பாக்கு ஒரு மரத்துக் காய். இரண்டும் இயற்கைதான்! புகையிலை சேர்க்காத வெறும் பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004-ல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. தமிழகத்தில் குட்காவுக்கு 2013-ல் தடை வந்தது. ஆனாலும் பெங்களூரிலிருந்து ஓசூர், கிருஷ்ணகிரி வழியாக வரும் வண்டிகளில் மூட்டை மூட்டையாகப் பிடிபட்டது என்ற செய்தி ஓயவில்லை. கோழிக்குப் பயப்படுகிறவர்கள் பாக்குக்குப் பயப்படுவதில்லை.

இதைவிட ஆபத்தானது, நோய் வந்த பிறகும் உணவையே மருந்தாக நம்புவது. முள் சீத்தாப்பழம் கீமோதெரபியைவிட 10,000 மடங்கு சக்தி வாய்ந்தது என்ற வாட்ஸ்அப் செய்தியை நம்பி மாதக்கணக்கில் காத்திருந்தால், ஆரம்ப நிலையில் இருக்கும் கட்டி முற்றிவிடும். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-ல் வெளியிட்ட ஆய்வில், வழக்கமான சிகிச்சையை விட்டுவிட்டு மாற்று மருத்துவத்தை மட்டும் நம்பியவர்கள் இறக்கும் அபாயம் இரண்டரை மடங்கு இருந்தது. மார்பகப் புற்றுநோயில் அது ஐந்து மடங்குக்கும் மேல்!

தமிழ்நாட்டிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. திண்டுக்கல் மாவட்டத்தில் 30 முதல் 59 வயதுள்ள பெண்களுக்குக் கருப்பைவாயில் வினிகர் போன்ற அமிலத்தைத் தடவிப் பார்க்கும் எளிய பரிசோதனை செய்தார்கள். பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட பெண்களிடையே கருப்பைவாய்ப் புற்றுநோய் மரணம் 35 சதவீதம் குறைந்தது என்று 2007-ல் ஆய்வு முடிவு வெளியானது. அந்தப் புற்றுநோய்க்குக் காரணமான வைரஸைத் தடுக்க இன்று தடுப்பூசியும் இருக்கிறது.

ஆகவே களி தின்னட்டும், கீரை தின்னட்டும். கூடவே பாக்கையும் புகையிலையையும் துப்பிவிடட்டும். வாயில் ஆறாத புண், மார்பில் கட்டி, காரணமில்லாத ரத்தப்போக்கு என்றால் பழம் தேடி அலையாமல் அரசு மருத்துவமனைக்குப் போகட்டும். உணவு நோயைத் தள்ளி வைக்கலாம். வந்துவிட்ட நோய்க்கு வைத்தியம்தான் வேண்டும்.