அண்ணன் காணாமல் போன பதிப்பு

"நீ ஆடினது டபுள் டிராகனே இல்ல."

பினாங்கில் ஒரு மாமாக் கடையில் ராத்திரி பதினொரு மணிக்கு இந்தத் தீர்ப்பு வழங்கப்பட்டது. வழங்கியவர் என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர், நிறைய வாசித்தவர், கோலாலம்பூரில் வளர்ந்தவர். பள்ளிக்கு மட்டம் போட்டு, டோக்கன் வாங்கி, நிஜமான ஆர்கேட் மெஷின் முன்னால் நின்று ஆடியவர். நான் ஆடியதோ அதன் ஃபேமிகாம் பதிப்பு. அதுவும் நகல் மெஷினில், நகல் கேட்ரிட்ஜில். "ரெண்டு பேரு சேந்து ஆட முடியாத டபுள் டிராகன் என்னப்பா டபுள் டிராகன்? பேர்லயே டபுள் இருக்கு." எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். அரை மணி நேரத்துக்கு முன்புதான் இதே மனிதர் தஸ்தயெவ்ஸ்கியைத் தமிழில் படித்துவிட்டு இரண்டு நாள் தூங்காமல் கிடந்த கதையைச் சொல்லியிருந்தார். அவருக்கு ரஷ்ய மொழி தெரியாது. அதை அப்போதே கேட்டிருக்க வேண்டும். வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான் தோன்றியது, எல்லாருக்கும் தோன்றுவதுபோல.

சரி, இங்கே கேட்கிறேன்.

டபுள் டிராகன் 1987இல் டெக்னோஸ் ஜப்பான் உருவாக்கிய ஆர்கேட் விளையாட்டு. இயக்கியவர் யோஷிஹிசா கிஷிமோட்டோ. கதை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. மரியன் என்கிற பெண்ணின் வயிற்றில் ஒருவன் குத்துகிறான், தோளில் தூக்கிப்போட்டுக்கொண்டு போகிறான். பில்லி, ஜிம்மி என்று இரண்டு சகோதரர்கள் கராஜிலிருந்து வெளியே வந்து, வழியில் வருகிறவனையெல்லாம் அடித்துக்கொண்டே போகிறார்கள். கடைசியில் இயந்திரத் துப்பாக்கியோடு வில்லி. அவனையும் சாய்த்த பிறகு இரண்டு ஆட்டக்காரர்களும் உயிரோடிருந்தால், மரியன் யாருக்கு என்று அண்ணனும் தம்பியும் ஒருவரையொருவர் அடித்துக்கொள்ள வேண்டும். அதுவரை தோளோடு தோள் நின்றவன் மூக்கில் குத்த வேண்டும். இப்படி ஒரு முடிவை யோசித்த ஆளுக்கு ஒரு கும்பிடு.

இது அடுத்த சில வருடங்களில் வீட்டு மெஷின்களுக்கு இறங்கியது. 1988இல் ஃபேமிகாம், அதே வருடம் சேகாவின் மாஸ்டர் சிஸ்டம், பிறகு 128 பைட் நினைவகம் மட்டுமே கொண்ட பாவப்பட்ட அட்டாரி 2600, கேம் பாய், 1992இல் மெகா டிரைவ். இவற்றை ஒப்பிடுகிறவர்கள் எல்லோரும் ஒரே வேலையைத்தான் செய்கிறார்கள். மூலத்தை ஒரு பக்கம் வைத்து, எத்தனை நிறம் குறைந்தது, எத்தனை எதிரி குறைந்தான், எந்தக் கட்டம் வெட்டுப்பட்டது என்று கணக்கு எடுப்பார்கள். மளிகைக் கடை இருப்புக் கணக்கு மாதிரி. உச்சபட்சப் பாராட்டு 'ஆர்கேட் பெர்ஃபெக்ட்' என்பது. ஒரு பதிப்பு அடையக்கூடிய அதிகபட்ச புகழ், அது தனியாக இருக்கிறது என்பதே தெரியாமல் போவது!

இந்த அளவுகோல் தவறு என்கிறேன். ரசனை என்ற பெயரில் வருவது உண்மையில் முகவரி. மெஷின் எங்கே இருந்ததோ அதன் பக்கத்தில் குடியிருந்தவர்கள் எழுதிவைத்த சட்டம் அது.

நான் வளர்ந்த ரிங்லெட்டில் ஆர்கேட் கடை ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. தாப்பாவிலிருந்து வளைந்து வளைந்து மேலே ஏறினால் 45 கிலோமீட்டர் சொச்சத்தில் முதலில் வரும் பட்டணம் எங்களுடையது. சுற்றுலாப் பயணிகள் இறங்க மாட்டார்கள், வாந்தி எடுக்க மட்டும் நிறுத்துவார்கள். அங்கிருந்து உள்ளே தள்ளித் தேயிலைக் காட்டுக்கு நடுவில் எங்கள் லயம். அப்பா ஒருமுறை பசார் மாலத்தில் எழுபது வெள்ளிக்கு ஒரு பழைய மைக்ரோ ஜீனியஸ் வாங்கி வந்தார். ஃபேமிகாமின் தைவான் நகல், மலேசியாவில் அந்தத் தலைமுறைக்கு அதுதான் 'கேம்' என்பதற்கே பெயர். ஊர் உலகம் பிளேஸ்டேஷன் 2க்குப் போயாகிவிட்ட காலம் அது. எங்களுக்கு அது தெரியாது, தெரிந்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. இரண்டாவது கண்ட்ரோலர் மூன்றாம் நாளே செத்துவிட்டது. ஆகவே அண்ணனும் நானும் ஒரே கண்ட்ரோலரை மாற்றி மாற்றி ஆடினோம். ஒரு உயிர் போனால் கைமாற்ற வேண்டும். அதுதான் சட்டம், அண்ணன் அதை வாரத்துக்கு நான்கு முறை மீறுவான்.

இப்போது இழப்புகளை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ஃபேமிகாம் பதிப்பில் கராஜிலிருந்து பில்லி மட்டும் வருகிறான். இருவர் சேர்ந்து ஆட முடியாது, முறைவைத்துத்தான் ஆடலாம். திரையில் ஒரே நேரத்தில் இரண்டு எதிரிகளுக்கு மேல் வர மாட்டார்கள். உருவங்கள் சிறியவை, குள்ளமானவை. மாமாக் கடைக்காரர் சொன்னதில் தகவல் பிழை எதுவும் இல்லை.

ஏன் இப்படி? நான் இன்று சர்க்யூட் போர்டுகளைச் சோதிக்கும் வேலையில் இருக்கிறேன், கொஞ்சம் கணக்குப் போடாமல் இருக்க முடியாது. திரையில் நகரும் உருவங்கள் ஸ்பிரைட் எனப்படும் சிறு துண்டுகளால் ஆனவை. ஃபேமிகாமில் ஒரு துண்டின் அகலம் 8 புள்ளி. ஒரு கிடைவரியில் 8 துண்டுகள்தான் தெரியும், ஒன்பதாவது மறைந்துவிடும். நேராக நிற்கும் ஒரு ஆளுக்கு இரண்டு துண்டு. கையை நீட்டிக் குத்தினால் மூன்று. மூன்று பேர் ஒரே வரிசையில் நின்று கைநீட்டினால் ஒன்பது, யாரோ ஒருவர் கை காணாமல் போகும். அதைச் சமாளிக்க ஒவ்வொரு ஃபிரேமிலும் வேறு வேறு துண்டை மறைப்பார்கள், அதனால்தான் உருவங்கள் மின்னிக்கொண்டே இருக்கும். இதை வைத்துத்தான் "மெஷினுக்கு முடியல, அதனால வெட்டிட்டாங்க" என்று என் கட்சிக்காரர்களே சமாதானம் சொல்கிறார்கள்.

அந்தச் சமாதானம் எனக்கு வேண்டாம். மாஸ்டர் சிஸ்டத்துக்கும் அதே எல்லைதான், ஒரு வரிக்கு 8 ஸ்பிரைட். அவர்கள் இரண்டு ஆட்டக்காரர்களையும் வைத்துக்கொண்டார்கள். அதைவிட மோசம், டெக்னோஸே 1989இல் டபுள் டிராகன் இரண்டாம் பாகத்தை அதே ஃபேமிகாமுக்குக் கொண்டுவந்தபோது இருவர் சேர்ந்து ஆடும்படி செய்துவிட்டது. ஆக, அண்ணனை வெளியே நிறுத்தியதை மெஷினின் தலையெழுத்து என்று சொல்லித் தப்பிக்க முடியாது. சட்டியில் இருந்ததை வைத்துச் சிலர் வேறு எதையோ சமைக்கத் தீர்மானித்தார்கள். அப்படியென்றால் 'எது போச்சு' என்று கேட்டு நிறுத்திக்கொள்ள முடியாது. போன இடத்தில் எதை வைத்தார்கள் என்பதையும் கேட்டாக வேண்டும்.

ஆர்கேட் பதிப்பில் எல்லா அடிகளும் முதல் நொடியிலிருந்தே உங்கள் கையில். அதிலும் முழங்கை அடி ஒன்று இருக்கிறது, அது தெரிந்துவிட்டால் மற்ற எதுவும் தேவையில்லை. திரும்பி நின்று முழங்கையை விட்டுக்கொண்டே ஊரை முடித்துவிடலாம். (மூலத்தைக் கும்பிடுகிறவர்கள் இதை மட்டும் மெதுவாகச் சொல்வார்கள்.) ஃபேமிகாமில் பில்லிக்கு ஆரம்பத்தில் குத்து, உதை போன்ற அடிப்படை தவிர அதிகம் தெரியாது. அடிக்க அடிக்கப் புள்ளி ஏறும், ஆயிரம் புள்ளிக்கு ஒரு இதயம், இதயம் கூடக் கூடப் புது அடி திறக்கும். தலைமுடியைப் பிடித்து உதைப்பது, முழங்கை, சுழன்று உதைப்பது, ஒவ்வொன்றாக. உயிர் போனாலும் கற்றது போகாது. அண்ணன் சம்பாதித்த முழங்கையை என் முறை வரும்போது நான் உபயோகிக்கலாம். எதிரிகள் இரண்டு பேர்தான் என்பதால் ஒவ்வொருவனும் ஒரு ஆள் ஆனான். அபோபோ சுவரை உடைத்துக்கொண்டு வரும்போது எங்கள் லயத்தில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் எழுந்து நின்றுவிடுவார்கள்.

கடைசிக்கு வருகிறேன். வில்லி செத்த பிறகும் ஆட்டம் முடியாது. இன்னொருத்தன் வருவான். உங்களைப் போலவே உருவம், உங்களைப் போலவே அடிகள், நீங்கள் இவ்வளவு நேரம் கஷ்டப்பட்டுக் கற்றதெல்லாம் அவனுக்கும் தெரியும். உடை மட்டும் சிவப்பு. ஜிம்மி. கராஜிலிருந்து வெளியே வராத அந்தச் சகோதரன்தான் கும்பலின் தலைவன். ஆர்கேடில் சகோதரச் சண்டை, இருவரும் உயிரோடு வந்தால் கிடைக்கும் ஒரு துணுக்கு. ஃபேமிகாமில் அதுதான் முழு ஆட்டமும் போய்ச்சேரும் இடம். இல்லாமையையே கதையாக்கிவிட்டார்கள். ஒருவனை வெட்டி எறிந்தார்கள், வெட்டுண்டவன் கடைசியில் திரும்பி வந்து கணக்குக் கேட்கிறான். மூலத்தில் இது இல்லை. மூலத்தில் இருந்திருக்கவும் முடியாது, அங்கே அவன் உங்கள் பக்கத்திலேயே நின்று ஆடிக்கொண்டிருக்கிறானே.

எல்லா வெட்டும் இப்படி முளைக்கும் என்று நான் சொல்லவில்லை. சூப்பர் ஃபேமிகாமுக்கு 1990இல் வந்த ஃபைனல் ஃபைட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கேப்காம் தன் சொந்த ஆர்கேட் ஆட்டத்திலிருந்து இருவர் ஆட்டத்தை வெட்டியது, கை என்கிற நாயகனை வெட்டியது, தொழிற்சாலைக் கட்டம் முழுவதையும் வெட்டியது. வெட்டிய இடத்தில் ஒன்றும் வைக்கவில்லை, பொட்டல். பிறகு 1992இல் 'ஃபைனல் ஃபைட் கை' என்று இன்னொரு பதிப்பு விட்டார்கள். கை வந்தான், கோடி போனான். இருவர் ஆட்டமும் இல்லை, அந்தக் கட்டமும் இல்லை. இதை நான் காப்பாற்றப் போவதில்லை. 1993இல் வந்த மெகா சிடி பதிப்பில் நிறம் மங்கல்தான், ஆனாலும் மூன்று பேரும் உண்டு, இருவர் ஆடலாம், எல்லாக் கட்டமும் உண்டு. அதை ஆடுங்கள். அட்டாரி 2600 டபுள் டிராகனை விரோதிக்குக்கூடப் பரிந்துரைக்க மாட்டேன்.

விசுவாசமாக இருப்பது மட்டுமே ஒரு குணமா என்றுதான் கேட்கிறேன். மாஸ்டர் சிஸ்டம் பதிப்பு விசுவாசமானது. இரண்டு சகோதரர்களும் இருக்கிறார்கள், கூட்டம் சேர்ந்தால் எல்லோரும் மின்மினிப்பூச்சி மாதிரி அணைந்து அணைந்து எரிகிறார்கள், குத்து விழுந்ததா இல்லையா என்பது ஊகம். மெகா டிரைவ் பதிப்பு இன்னும் விசுவாசம், இன்னும் பெரிய உருவங்கள். மூன்று முறை ஆடியிருக்கிறேன், ஒரு காட்சிகூட மனதில் ஒட்டவில்லை. ஆர்கேட் மெஷினிலேயே திரையில் ஆள் கூடினால் ஆட்டம் தண்ணீருக்குள் நடப்பதுபோல மெதுவாகிவிடும், அது எல்லோருக்கும் தெரிந்த குறை. இன்றைய மறுவெளியீடுகள் துல்லியமான எமுலேஷன் என்ற பெயரில் அந்தத் திணறலையும் அப்படியே வைக்கின்றன. ஆவணமாக அது சரி. ஆனால் அதையும் 'பெர்ஃபெக்ட்' கணக்கில் சேர்த்துக்கொண்டு, ஃபேமிகாமின் இதயங்களைக் 'கூடுதல் சேர்க்கை, மூலத்துக்குப் புறம்பு' என்று கழிக்கிறவர்களை என்ன செய்வது?

கம்பனை இழுக்க வேண்டாம் என்றுதான் பார்த்தேன், முடியவில்லை. வால்மீகியில் இல்லாத இரணியன் வதைப் படலத்தை விபீஷணன் வாயில் வைத்துப் பாடியவன் அவன். உத்தரகாண்டத்தைத் தொடவே இல்லை. நம் ஊரில் யாராவது கம்பனை 'எண்பது சதவீதம் வால்மீகி' என்று மதிப்பெண் போட்டிருக்கிறோமா? பட்டிமன்றத்தில்கூட யாரும் அதைத் துணிய மாட்டார்கள். கேட்ரிட்ஜில் வந்ததற்கு மட்டும் மதிப்பெண் போடுவோம். டெக்னோஸ் கம்பன் இல்லை, எனக்கும் தெரியும். கேள்வி ஒன்றுதான்.

மாமாக் கடைக்காரரின் பக்கம் நியாயமே இல்லையா என்றால், இருக்கிறது. அவர் இழந்தது நிறங்களை அல்ல, பக்கத்தில் நின்ற தோளை. அவர் அந்த மெஷினை யாரோடு ஆடினாரோ அவரைப் பற்றி இரண்டாவது தே தாரேக்கில் கொஞ்சம் சொல்லி நிறுத்திக்கொண்டார். அந்த ஆட்டம் அவருடையது, நான் பறிக்க வரவில்லை. என்னுடையதை 'இல்லவே இல்ல' என்று சொன்னதுதான் குத்துகிறது. ஒரு கண்ட்ரோலரை மாற்றி மாற்றி ஆடியதும் இருவர் ஆட்டம்தான்.

அண்ணன் படிப்பை விட்டுவிட்டு ஜோகூருக்குப் போய், தினமும் பாலம் தாண்டிச் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான். எனக்குப் பல்கலைக்கழகக் கட்டணம் கட்டியதில் அவன் பங்கு உண்டு. போன தீபாவளிக்கு ரிங்லெட் வந்திருந்தபோது என் மடிக்கணினியை டிவியில் மாட்டி, இரண்டு கண்ட்ரோலரோடு ஆர்கேட் டபுள் டிராகனைப் போட்டேன். முதல்முறையாகச் சேர்ந்து ஆடினோம். நான் நீலம், அவன் சிவப்பு. முதல் கட்டத்திலேயே கேட்டான், "இதுல இதயம் ஏறாதாடா?" ஏறாது என்றேன். "அப்புறம் எதுக்கு அடிக்கிறது?"

வில்லி விழுந்தான். அண்ணன் கண்ட்ரோலரைத் தரையில் வைத்துவிட்டு முறுக்கை எடுத்தான்.

"எங்கடா கடைசி ஆளு? அந்தச் சிவப்புச் சட்டை?"

"நீதான்" என்றேன். அவன் திரையைப் பார்த்துப் புரிந்துகொள்வதற்குள் முழங்கையால் இரண்டு விட்டுவிட்டேன்.